ஐந்து கிலோ அரிசியும் ஒரு கத்தியும்

கேள்வி: எனக்கு 23 வயது. திருகோணமலை உப்புவெளியில் வீடு. அப்பா இல்லை, அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறார்கள். பட்டம் முடித்து ஒன்றரை வருசமாகிறது. ஒரு பக்கம் அரச வேலைக்குச் சோதனை எடு என்கிறார்கள், மறுபக்கம் கட்டாருக்குப் போகச் சொல்லி ஏஜென்சிக் கதை. இரண்டிலும் எனக்கு மனமில்லை. சாமான் வாங்கவும் அதை ஊருக்குக் காட்டவும்தான் எல்லாரும் ஓடுகிறார்கள் என்று தோன்றுகிறது. அலாஸ்காக் காட்டில் தனியே வாழப்போன கிறிஸ் மெக்கன்ட்லஸ் பற்றி அறிந்த பிறகு இந்த எண்ணம் உறுதியாகிவிட்டது. புரட்டாதியில், மழை தொடங்குகிற நேரம், திரியாய்ப் பக்கத்தால் காட்டுக்குள் போய் யான் ஓயா ஆற்றைத் தாண்டி ஒரு கொட்டில் போட்டு ஒரு வருசம் இருக்கப்போகிறேன். மழைக்காலம் என்பதால் தண்ணீருக்குக் குறைவிராது. ஐந்து கிலோ அரிசி, உப்பு, கத்தி, லைற்றர், தரப்பாள் கொண்டுபோவேன். மிச்சத்தைக் காடு தரும். சேமிப்பை ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையை எரித்துவிடுவேன். ஃபோன் வேண்டாம். அம்மாவுக்குச் சொன்னால் விடமாட்டா. வேறென்ன கொண்டுபோக வேண்டும்? உடம்பு தாங்குமா? (பெயர் வேண்டாம்)

மருத்துவர் பதில்:

தம்பி,

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டப்படி போனால் உடம்பு தாங்காது. ஐப்பசிக்குள் பட்டினி தொடங்கிவிடும், கார்த்திகையில் திரும்பி வர வழி இராது. அதற்காகக் காட்டுக்குப் போவதே பிழை என்று சொல்ல வரவில்லை. இரண்டு கதவை மட்டும் காட்டி, இதில் ஒன்றுக்குள் போ என்று ஒன்றரை வருசமாக நெருக்கினால், மூன்றாவது ஒன்று இல்லையா என்று மனம் தேடத்தான் செய்யும். அந்தத் தேடலை மதிக்கிறேன். என் கவலை வேறு. அட்டையை எரிப்பது, ஃபோனை விடுவது, காசைக் கொடுப்பது, அம்மாவுக்குச் சொல்லாமல் போவது, ஆற்றைத் தாண்டுவது: ஐந்தும் திரும்பும் வழியை அடைக்கிற வேலைகள். உள்ளே போக ஒரு கத்தியாவது வைத்திருக்கிறீர்கள். வெளியே வர ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

மெக்கன்ட்லஸ் விசயத்தையே பாருங்கள். 24,000 டொலர் சேமிப்பை ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார், குடும்பத்துக்கு எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. 1992 ஏப்ரல் கடைசியில், ஏறத்தாழ நாலரைக் கிலோ அரிசியும் ஒரு சிறு துவக்குமாக உள்ளே போனார். அப்போது டெக்லனிக்கா ஆறு குளிரில் அடங்கிக் கிடந்தது, நடந்தே கடந்தார். இரண்டு மாதம் கழித்து, யூலையில், அவர் ஊருக்குத் திரும்பத்தான் புறப்பட்டார். இதைப் பலர் கவனிப்பதில்லை. தேடியது போதும் என்று பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பனி உருகி ஆறு பெருகிவிட்டது. கடக்க முடியாமல், கைவிடப்பட்டுக் கிடந்த 142ஆம் இலக்க பஸ்ஸுக்கே திரும்பினார். ஆற்றோடு சிறிது தூரம் கீழே நடந்திருந்தால், கையால் இழுத்துக் கடக்கும் கம்பித்தொட்டில் ஒன்று இருந்தது. ஒரு நல்ல வரைபடம் அதைக் காட்டியிருக்கும். அது அவரிடம் இல்லை. செப்டெம்பர் 6இல் உடலைக் கண்டெடுத்தபோது எடை ஏறத்தாழ 30 கிலோ. வயது 24. பின்னர் அந்த பஸ்ஸுக்குப் போகும் பாதையில் நடந்த இரண்டு பெண்கள் 2010இலும் 2019இலும் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2020 யூனில் பஸ்ஸை ஹெலிகொப்டரில் தூக்கி அகற்றினார்கள்.

இப்போது உங்கள் ஆற்றுக்கு வாருங்கள். புரட்டாதியில் யான் ஓயா கச்சான் காற்றில் காய்ந்து மெலிந்து கிடக்கும். மணல் திட்டும் முழங்கால் தண்ணீருமாக, கடப்பது விளையாட்டாகத் தெரியும். நமது மாவட்டத்தில் மழை கொட்டுவது ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை. ஆறு பெருகுவதற்கு நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்யத் தேவையில்லை, மேலே அநுராதபுரப் பக்கம் பெய்தாலே போதும். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தாலே சுமையோடு கடக்கக் கூடாது, இடுப்புக்கு வந்தால் எந்த ஆளையும் தூக்கும். முதலைகளும் கலங்கிய தண்ணீரில் தெரியாது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில், அதாவது நீங்கள் தரப்பாள் கட்ட நினைத்திருக்கும் காட்டின் வாசலில். புயல் எச்சரிக்கையைக் கேட்க உங்களிடம் ஃபோனும் இல்லை, ரேடியோவும் இல்லை. மழைக்காலத்தைத் தண்ணீருக்காகத் தெரிந்தெடுத்தீர்கள். அதே தண்ணீர்தான் உங்களைப் பூட்டி வைக்கும்.

அடுத்தது அரிசி. இந்தக் கணக்கைக் கடதாசியில் நீங்களே போட்டுப் பாருங்கள். 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி. ஐந்து கிலோ 17,500 கலோரி. விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, நடந்து திரியும் ஒரு இளைஞருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 2,500 வேண்டும். ஆக, ஏழு நாள். பாதி வயிறாக உண்டால் இரண்டு கிழமை. தீட்டிய வெள்ளையரிசியை மட்டும் மாதக்கணக்கில் உண்டால் தயமின் (விற்றமின் B1) குறைந்து காலும் நெஞ்சும் வீங்குகிற பெரிபெரி வரும். அது தனி வில்லங்கம்.

சரியான கணக்கு பத்து நாளுக்கு இப்படி வரும்: தீட்டாத சிவப்பரிசி 4 கிலோ, பருப்பு 1 கிலோ, வறுத்த நிலக்கடலை 1 கிலோ, சீனி அரைக் கிலோ, நெத்தலிக் கருவாடு 300 கிராம், தேங்காயெண்ணெய் 300 மில்லிலீற்றர், உப்பு 100 கிராம். நாளுக்கு 2,800 கலோரிக்கு மேல் கிடைக்கும். மொத்தச் சுமை ஏழு கிலோவுக்குச் சற்று மேல். இதையே ஒரு வருசத்துக்குப் பெருக்கினால் 260 கிலோவைத் தாண்டும். முதுகில் சுமக்க முடியாது, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருக்கவும் முடியாது. யாரோ விளைவித்து, யாரோ குற்றி, யாரோ கொண்டுவந்து தந்தால்தான் ஒரு மனிதன் ஒரு வருசம் காட்டில் இருக்கலாம்.

'மிச்சத்தைக் காடு தரும்' என்கிறீர்கள். எப்போது தரும்? பாலைப்பழம் ஆனி, ஆடியில் பழுக்கும், வீரையும் நாவலும் அந்த வெயிலோடுதான். நீங்கள் போகும் மாதங்களில் இலை தளதளவென்று இருக்கும், பழம் இராது. மான், மரை வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், மெக்கன்ட்லஸ் சுட்ட பெரிய மூஸ் மானின் இறைச்சி புழுத்துத்தான் போனது. கார்த்திகை மாதத்தில் இங்கு இறைச்சி காயவைக்க வெயிலும் இராது, புகைபோடக் காய்ந்த விறகும் இராது. காய்ந்த விறகு இல்லாவிட்டால் சோறும் இல்லை, கொதித்த தண்ணீரும் இல்லை. லைற்றர் இருந்து பயனில்லை.

பசி வந்ததும் கை போவது கிழங்குக்கு. இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இங்குதான் பிழை விடுவார்கள். நீங்கள் போகும் காலத்தில் அந்தப் பற்றைகளில் கார்த்திகைப்பூக் கொடி ஏறி நிற்கும். சிவப்பும் மஞ்சளுமாக, இதழ்கள் மேல்நோக்கி மடிந்த பூ, எல்லாருக்கும் தெரியும். பூக்காத கொடியைத்தான் தெரியாது. ஒரு இலையைப் பிடித்து நுனியைப் பாருங்கள்: இலை நீண்டு கூராகி, நுனி சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பற்றியிருக்கும். காட்டு வள்ளிக்கிழங்குக் கொடிக்கு அந்தச் சுருள் இல்லை, தண்டே சுற்றி ஏறும், இலை இதய வடிவம். மண்ணைக் கிளறினால் கார்த்திகைக் கிழங்கு விரல் தடிப்பில், கலப்பைபோல வளைந்து, இரு முனையும் கூராக இருக்கும். கலப்பைக் கிழங்கு என்று பெயர் வந்தது அதனால்தான். வெட்டினால் உள்ளே வெள்ளை, வத்தாளங்கிழங்குபோலவே. அதில் உள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. உண்டு சில மணி நேரத்தில் தொண்டை எரியும், பிறகு வாந்தி, வாந்திபேதிபோல வயிற்றோட்டம். இரண்டாம் மூன்றாம் நாள் சிறுநீரகமும் இதயமும் அடிபடும், இரத்த அணுக்கள் விழும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் தலைமயிர் கொட்டும். எங்கள் ஆஸ்பத்திரிகளில் இதற்கு மாற்றுமருந்து கிடையாது, சேலைன் ஏற்றி உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். காட்டு வள்ளியிலும் சில வகை நஞ்சு. ஆகவே விதி ஒன்றே: இலையோடு சேர்த்து, தெரிந்த ஒருவர் கையால் காட்டித் தராத எந்தக் கிழங்கையும் தோண்டவே வேண்டாம்.

பட்டினியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், உங்கள் நோக்கத்தோடு சம்பந்தப்பட்டது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார். அவர்கள் போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாமல் மறுத்தவர்கள், உங்களைப்போலக் கொள்கைக்காரர். நாளுக்கு 1,500 சொச்சம் கலோரியில் 24 கிழமை வைத்திருந்தார்கள். உடல் எடையில் கால்வாசி போனது. மனத்தில் நடந்தது அதைவிடப் பெரிது: எரிச்சல், சோர்வு, ஒதுங்கிப் போதல், எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டு கிடந்தார்கள். பசித்த மூளை பொருள் தேடாது, சோறுதான் தேடும். வாழ்க்கையை யோசிக்கக் காட்டுக்குப் போகிறவர் முதலில் வயிற்றுக்கு வழி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் போன காரியம் நடக்காது.

பாம்புக்கு வருகிறேன். தரப்பாளின் கீழ் நிலத்தில் படுப்பதுதான் உங்கள் திட்டம். எட்டடி விரியன், கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம் போட்டது, இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி இராது, வீக்கம் இராது, பல்லடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்புவார்கள், பிறகு இமை தானாக விழும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். செயற்கை மூச்சு கொடுத்து வைத்திருந்தால் பெரும்பாலானவர்கள் முழுக்கச் சுகப்பட்டு நடந்து போவார்கள். ஆனால் அதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்துசேர வேண்டும். தனியே இருப்பவருக்கு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க விரலும் அசையாது, குரலும் எழும்பாது. கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் உடனே வரும், இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் அடிபடும். அதோடு பத்துக் கிலோமீற்றர் நடந்து வருவது நஞ்சை உடம்பெங்கும் ஓடவிடுவது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான், அது வைத்தியசாலையில் மட்டுமே கொடுக்கக்கூடியது.

செய்ய வேண்டியவை இலகு. நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் படுக்கை, நுளம்பு வலை, வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகுவது, இரவில் டோர்ச் இல்லாமல் ஒரு அடிகூட வைக்காமல் இருப்பது, காலையில் சப்பாத்தைத் தட்டிப் போடுவது. கடித்தால் கடித்த காலை அல்லது கையைத் தடி வைத்து அசையாமல் கட்டுங்கள், மோதிரம் கயிறெல்லாம் கழற்றுங்கள், நேரத்தைக் குறியுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, விசக்கல் வைப்பது எதுவும் வேண்டாம்.

யானை பற்றி ஒரு வார்த்தை. யானைகள் வீட்டுச் சுவரை இடித்து உள்ளே துதிக்கையை விடுவது பெரும்பாலும் நெல்லுக்கும் உப்புக்கும்தான். உங்கள் கொட்டிலில் இருக்கும் இரண்டு பொருளும் அவைதான், நடுவில் நீங்கள். சாப்பாட்டைக் காற்றுப் புகாத வாளியில் மூடி, படுக்கும் இடத்திலிருந்து நூறு அடிக்கு அப்பால் உயரத்தில் கட்ட வேண்டும். குளத்துக்கு யானை இறங்கும் வழியில், புதுச் சாணமும் முறிந்த கிளையும் கிடக்கும் இடத்தில், கொட்டில் போடக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு நடமாட்டமே வேண்டாம். கரடி இன்னும் மோசம்: நீங்கள் காற்றுக்கு எதிரே சத்தமில்லாமல் நடந்துவந்து திடீரென்று அதன் முன்னால் நின்றால் முகத்தைத்தான் பிடிக்கும். காட்டில் கதைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று பழையவர்கள் சொல்வது அதற்குத்தான். கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

தண்ணீர்: குடிக்க நாளுக்கு ஐந்து லீற்றர், சமையலுக்கும் கழுவவும் இன்னும் ஐந்து. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்து, தெளியவிட்டு, கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வையுங்கள். விறகு நனைந்துவிட்டால், தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்தலாம், மப்பென்றால் இரண்டு நாள். வயல் வாய்க்கால் தண்ணீரில் கலந்த உரமும் மருந்தும் கொதித்தால் போகாது, அதைத் தொடவே வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பொதி பத்து. தீர்ந்தால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். மழைக்காலச் சேற்றில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் பிடிக்கும்: காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத உளைவு, கண் சிவப்பு. இதற்குத் தடுப்பாகக் கிழமைக்கொருமுறை போடும் மருந்து உங்களுக்கு ஏற்றதா என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் போகுமுன் கேளுங்கள். எந்தக் காய்ச்சலானாலும் இரண்டு நாளுக்கு மேல் போனால் மூட்டையைக் கட்டி வெளியே வந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் நடக்கத் தெம்பு இராது.

ஒதுக்கப்பட்ட காட்டில் கொட்டில் போடுவதும் மரம் வெட்டுவதும் நெருப்பு மூட்டுவதும் வனச் சட்டப்படி குற்றம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் காப்பிடங்களில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அடையாள அட்டை இல்லாத ஒரு இளைஞரை அங்கே கண்டால் என்ன கேள்விகள் வரும் என்று நமது மாவட்டத்தில் பிறந்த உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கண்ணிவெடி எச்சரிக்கைக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கட்டிய இடங்களுக்குள் காலே வைக்காதீர்கள். சனம் இடம்பெயர்ந்து போன பழைய ஊர்மனைகளில் கட்டில்லாத பாழுங்கிணறுகள் பற்றை மூடிக் கிடக்கும். பூவரசும் தென்னையும் நிற்கிற காடு என்றால் அது ஒருகாலத்து வளவு, தடியால் தட்டிப் பார்த்தே நடக்க வேண்டும்.

இனி நான் கேட்கிறேன், மனதில் கையை வைத்துப் பதில் சொல்லுங்கள். இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவது, பெயரை அழிப்பது, யாருக்கும் சொல்லாமல் போவது: மருத்துவர் ஒருவர் இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் சும்மா இருக்க மாட்டார். திரும்பி வராமல் போனாலும் பரவாயில்லை என்ற எண்ணம் உள்ளே எங்காவது இருக்கிறதா? இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் குறைந்து, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறதா? அப்பாவின் இழப்பு இன்னும் ஆறவில்லையா? காட்டுக்கு வரச் சொல்லிக் குரல் ஏதும் கேட்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் இந்தப் பதிலின் மற்றப் பகுதியை மடித்து வைத்துவிட்டு இன்றே 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். அல்லது திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே போங்கள். இது வைத்தியத்தால் சுகமாகிற வருத்தம். காடு இதைச் சுகமாக்காது, தனிமையில் இது பெருகும். இல்லை, மனம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

நம்மிடையே துறந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். யோகர் சுவாமி கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் இருந்தார், சனம் வந்துபோகும் தூரத்தில். விபுலாநந்தர் துறவியாகித் திருகோணமலையில் பள்ளிக்கூடம் நடத்தினார். காட்டில் தியானம் செய்யும் பிக்குமார்கூடத் தானம் கிடைக்கும் கிராமத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். மூதூர், வெருகல் பக்கத்து வேடர் குடிகளைப்போலக் காட்டை அறிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. அவர்கள் தேனுக்குப் போவதும் கூட்டாகத்தான், எத்தனை நாளில் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான். தனிமை வேண்டியவர்கள் எல்லாரும் ஊரின் கூப்பிடுதூரத்தை விட்டுப் போகவில்லை.

ஆகவே நான் சொல்லும் மாற்று இது. இந்தப் புரட்டாதியை விடுங்கள். மழைக்காலத்தை வீட்டிலிருந்து பழகும் காலமாக வையுங்கள். வளவில் தரப்பாளைக் கட்டி, அடைமழையில் மூன்று இரவு படுங்கள். எந்தப் பக்கத்தால் தண்ணீர் ஓடிவருகிறது, முடிச்சு எங்கே நழுவுகிறது என்று தெரியும். நனைந்த விறகில் சோறாக்கிப் பாருங்கள், நடுத்தண்டைப் பிளந்து காய்ந்த உள்விறகை எடுக்கப் பழக இரண்டு கிழமை பிடிக்கும். பன்னிரண்டு கிலோ சுமையோடு கிழமைக்கு இரண்டு தரம் பதினைந்து கிலோமீற்றர் நடங்கள்.

மாசியில் மழை ஓய்ந்து ஆறு இறங்கியிருக்கும், குளம் நிறைந்திருக்கும், கச்சான் வெயிலும் இன்னும் தொடங்கியிராது. பெரும்போக நெல் விளைந்து, காட்டோர வயல்களில் யானைக்குக் காவல் இருக்கும் காலம் அது. காவற்பரணில் இரவு முழித்திருக்கத் துணைக்கு ஒரு இளைஞர் வருகிறார் என்றால் எந்தக் கமக்காரரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வயலில் பத்து நாள் இருங்கள். மேலே சொன்ன பத்து நாள் அரிசிக் கணக்கு அதற்குத்தான். பகலில் தனிமை, இரவில் காட்டை அறிந்த மனிதர்கள். மூன்றாம் நாள் பிரமாதமாக இருக்கும், ஐந்தாம் ஆறாம் நாள் சலிப்பும் எரிச்சலும் வரும், அதைத் தாண்டினால்தான் தனிமை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத்துக் கோணத் தொடங்கினால், நாளைத் தவறவிட்டால், அது உடம்பு சொல்லும் அடையாளம்.

அது ஒத்துவந்தால் அடுத்தது கதிர்காமப் பாதயாத்திரை. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் திருகோணமலை, வெருகல் வழியாகத்தான் போவார்கள், கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. ஃபோனும் சாமானும் பேரும் பட்டமும் இல்லாமல், கிடைத்ததை உண்டு, கோயில் மடத்திலும் மரத்தடியிலும் படுத்து நடப்பது. உகந்தையில் காட்டுப்பாதை திறந்ததும் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று ஐந்தாறு நாள் யால காட்டுக்குள்ளால் அனுமதியோடு நடக்கலாம். நீங்கள் தேடுகிற அத்தனையும் அதில் இருக்கிறது. கூட வரும் வயதான அம்மாமார் எப்படி இவ்வளவு குறைந்த சாமானோடு இவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பாருங்கள், அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்கள்.

காசை இப்போது கொடுக்காதீர்கள். சிறுவர் இல்லத்துக்குக் கொடுக்க விரும்புவது நல்ல மனம், யாத்திரை முடித்து வந்து கொடுங்கள், இல்லம் அங்கேதான் இருக்கும். அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் போடுங்கள். ஃபோனை அணைத்து அதே பொலித்தீனில் வையுங்கள், மாலையில் ஒருமுறை மட்டும் போட்டு ஒரு குறுஞ்செய்தி. அழைப்புப் போகாத இடத்திலும் சில வேளை செய்தி போய்ச் சேரும்.

அம்மாவுக்குச் சொல்லாமல் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நமது ஊரில் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வராமல் போனால் தாய்மார் மனம் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். காணாமற்போனவர்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரம் இருக்கும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்த வரிசையில் உங்கள் அம்மாவை நீங்களாக இருத்த வேண்டாம். ஒரு வருசம், ஆற்றுக்கு அப்பால் என்றால் விடமாட்டா, உண்மை. பத்து நாள், இன்னாரின் வயல், இன்ன திகதி திரும்புவேன் என்றால் அழுதுகொண்டாவது விடுவா.

ஒரு கடதாசியில் எழுதி ஒரு பிரதியை அம்மாவிடமும் ஒன்றை விதானையாரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்: இருக்கும் இடம், வயல்காரரின் பெயரும் இலக்கமும், கிட்டிய ஆஸ்பத்திரி, உங்கள் இரத்த வகை, ஒவ்வாத மருந்து, திரும்பும் நாளும் நேரமும். அந்த நேரத்துக்குப் பிறகு எத்தனை மணித்தியாலம் பொறுத்து ஆட்களைத் தேட அனுப்ப வேண்டும் என்பதையும் நீங்களே குறியுங்கள், ஒரு இரவு என்று வைத்தால் போதும். தை பிறந்ததும் எந்த வயல், எத்தனை நாள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் எடையையும் எழுதுங்கள், அரிசிக் கணக்கைத் திருத்தித் தருகிறேன்.